திருகோணமலையில் குடியை விட உதவும் கூட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியை விட நினைப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் டொக்டர் இல்லை. என் அண்ணன் குடியில் இருந்து மீண்டவர். அவருக்குத் துணையாகக் கூட்டங்களுக்குப் போக வெளிக்கிட்டவள், இப்போது வேறு குடும்பங்களுக்கும் துணைக்குப் போகிறேன். தனியாக விடப் பார்த்துக் களைத்துப்போனவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். கூட ஒருத்தர் இருந்தபோது அவர்களில் பலருக்கு அது முடிந்திருக்கிறது. அந்த ஒருத்தரை எங்கே, எப்படித் தேடுவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கூட்டம் என்றால் என்ன கூட்டம்? அங்கே யார் இருப்பார்கள்?

குடித்தவர்கள் இருப்பார்கள். குடியை விட்டுப் பல வருசமானவர்கள், இப்போதுதான் விட்டுக்கொண்டிருப்பவர்கள், போன கிழமை விழுந்து இந்தக் கிழமை எழும்பி வந்தவர்கள். மேசைக்கு அங்கால் இருந்து யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். ஒருவர் தனக்கு நடந்ததைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு அடுத்தவர் சொல்வார்.

இந்த முறையில் உலகத்தில் அதிகம் பரவியது ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆல்கஹோலிக்ஸ் அனோனிமஸ். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் தொடங்கியது. நியூயோர்க்கில் இருந்து வேலையாக அங்கே போன பங்குத் தரகர் ஒருவருக்குக் காரியம் சரிவரவில்லை. குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஹோட்டலில் தனியாக நின்றவருக்குக் குடிக்கத் தோன்றியது. இன்னொரு குடிகாரரோடு கதைத்தால் தப்பலாம் என்று போன் எடுத்துத் தேடியதில், குடியால் சீரழிந்துகொண்டிருந்த ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர் கிடைத்தார். அந்த இரண்டு பேர் கதைத்ததுதான் முதல் கூட்டம். இலங்கையிலும் ஏ.ஏ. இருக்கிறது. அதைவிட, சிகிச்சை முடித்தவர்களைச் சேர்த்து வைத்தியசாலை உளநலப் பிரிவுகளும் தொண்டு அமைப்புகளும் குழுக்கள் நடத்துவதுண்டு. கீழே நான் சொல்பவை பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

நான் அளவாகத்தான் குடிக்கிறேன். எனக்கு இது தேவையா?

போயா நாளில் உங்களுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அன்றைக்கு பார் எல்லாம் பூட்டு. முதல் நாள் பின்னேரமே அரைப் போத்தல் வாங்கி ஒளித்து வைக்கிறீர்களா? வாங்க மறந்திருந்தால் காலையில் எழும்பும்போதே வீட்டில் எல்லோர் மேலும் எரிச்சல் வருகிறதா? பத்து மணிக்குக் கை நடுங்கத் தொடங்குகிறதா? கசிப்பு விற்கும் வீட்டுக்கு இருட்டிலும் வழி தெரியுமா? இதில் ஒன்றுக்காவது ஆம் என்றால் ஒருமுறை வந்து இருந்து பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவம் ஒன்றும் இருக்கிறது, பெயர் ஓடிட். மொத்தம் 40 புள்ளி. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி ஆபத்தான அளவுக்குப் போயிருக்கிறது என்று எடுப்பார்கள். கிளினிக்கில் கேட்டால் நிரப்பிப் பார்க்கலாம். ஆனால் கூட்டத்துக்கு வர எந்தப் புள்ளியும் தேவையில்லை. ஏ.ஏ. வைத்திருக்கும் ஒரே நிபந்தனை, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்.

இன்றைக்கே நிறுத்திவிட்டு நாளைக்கே கூட்டத்துக்கு வரவா?

இதற்கு அவசரப்பட்டு ஓம் சொல்ல மாட்டேன். நீங்கள் ஒவ்வொரு நாளும் நிறையக் குடிப்பவர் என்றால், அதுவும் காலையில் எழும்பியதும் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலை என்றால், சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. முதலில் வைத்தியசாலை, பிறகு கூட்டம்.

ஏன் என்று விளங்கிக்கொள்ளுங்கள். மூளை நெடுநாளாக மதுவின் அமுக்கத்துக்குப் பழகி, அதை எதிர்த்துத் தன்னை முடுக்கி வைத்திருக்கிறது. மதுவைத் திடீரென்று எடுத்தால் முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, நித்திரையின்மை தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார்கள், செத்துப்போனவரோடு கதைப்பார்கள், காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் கூடும். இதைப் பேய் பிடித்தது, செய்வினை என்று நினைத்து நூல் கட்டக் கூட்டிப்போய் நேரத்தைத் தொலைத்த குடும்பங்கள் இருக்கின்றன. அது அவசர நோய். 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அடியுங்கள், இலவசம். வைத்தியசாலையில் மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள், தயமின் என்ற விற்றமின் பி1 ஏற்றுவார்கள். எவ்வளவு குடிக்கிறார் என்ற உண்மையான கணக்கை டொக்டரிடம் சொல்லுங்கள். வெட்கத்தில் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைந்துவிடும்.

சரி, திருகோணமலையில் கூட்டத்தை எங்கே தேடுவது?

வெளியில் போர்டு தொங்காது. விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் எல்லோரையும் முதலில் அனுப்பும் இடம் திருகோணமலை மாவட்ட பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, குடியை விட வேண்டும் என்று சொன்னால் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். கிளினிக் நாள் எது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “குடியை விட்ட ஆக்கள் ஒண்டா இருந்து கதைக்கிற குழு ஏதும் நடக்குதா? எந்த நாள், எங்க?” டொக்டரிடம் கேட்க வசதிப்படாவிட்டால் மிஸ்ஸியிடம் கேளுங்கள். யார் எங்கே கூடுகிறார்கள் என்பது பெரும்பாலும் அவர்களுக்குத்தான் தெரியும். டவுனுக்கு வர முடியாதவர்கள் கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலோ, உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ விசாரிக்கலாம்.

இரண்டாவது, பிரதேச செயலகம். பட்டினமும் சூழலும், குச்சவெளி, தம்பலகாமம், வெருகல் என்று உங்கள் பிரிவு எதுவோ அங்கே சமூக சேவை உத்தியோகத்தரையும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் கேளுங்கள். மக்கள் வரும் நாளில் சன நெரிசலாக இருக்கும். தனியாகக் கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள், ஒதுக்கித் தருவார்கள்.

போனில் என்றால் இரண்டு எண். 1926 தேசிய உளநல நிறுவனத்தின் உதவி எண். 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை எண். எடுத்தவுடன் தமிழில் கதைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வழி இருக்கிறது, என் அனுபவத்தில் இதுதான் ஆகக் கெதியானது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு காலம் மோசமாகக் குடித்து இப்போது தொடாமல் இருக்கும் ஒருவர் எல்லோருக்கும் தெரிந்தவராக இருப்பார். திருக்கடலூரிலும் இருப்பார், பாலையூற்றிலும் இருப்பார், சாம்பல்தீவிலும் இருப்பார். அவரிடம் நேரே போய், “அண்ணை, நீங்கள் எப்பிடி விட்டனீங்கள்?” என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டு அடித்துத் துரத்தப்பட்ட ஒருவரையும் நான் அறியேன். அனேகமாக இருக்கச் சொல்லித் தேத்தண்ணி தருவார்கள்.

யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது? சின்ன ஊர்.

பயம் நியாயமானது. டவுனில் இருந்து உப்புவெளிக்குப் போவதற்குள் நாலு தெரிந்த முகம் காணும் ஊர் இது. ஆனால் நீங்கள் குடிப்பது ஊருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். விடப்போவதை மறைப்பதால் வேலையோ மானமோ கூடுதலாகக் காப்பாற்றப்பட்டதை நான் காணவில்லை.

இருந்தாலும் எல்லோருக்கும் அந்தத் துணிவு உடனே வராது. ஆசிரியர்கள், அரச உத்தியோகத்தர்கள், பொலிஸில் இருப்பவர்கள் தங்கள் பகுதியை விட்டு வேறு பகுதிக் கூட்டத்துக்குப் போவதுண்டு. அதில் தப்பே இல்லை. அங்கே உங்களைக் காணும் ஆளும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். கூட்டத்தில் கண்டவரை, கேட்டதை வெளியில் சொல்வதில்லை என்பது இதன் அடிப்படை ஒழுங்கு. அதை மீறும் குழு என்றால் விட்டுவிட்டு வேறொன்று தேடுங்கள்.

பெயர் பதிய வேண்டுமா? கையெழுத்து, படம்?

எதுவும் இல்லை. நம்மூரில் இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று தெரியும். யுத்த காலத்தில் பெயர்ப் பதிவு என்றாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. 2004 சுனாமிக்குப் பிறகு கூட்டம் என்றால் பதாகை, வரவுத்தாள், அடையாள அட்டை இலக்கம், கடைசியில் எல்லோரும் நின்று படம் என்று பழகிவிட்டோம். இந்தக் கூட்டத்தில் முதற்பெயர் போதும், அதையும் மாற்றிச் சொல்லலாம். வைத்தியசாலைக் கிளினிக் வேறு விசயம். அங்கே கிளினிக் கொப்பி போடுவார்கள், மருந்துக்கு அது தேவை. யாராவது குழுக் கூட்டத்தில் படம் எடுக்க வந்தால் எழும்பி, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

முதல் நாள் என்ன நடக்கும்?

ஒரு அறை, பத்துக்கு உட்பட்ட பிளாஸ்டிக் கதிரைகள், ஓரத்தில் பிளாஸ்க். நான் போன கூட்டம் ஒன்றில் தேத்தண்ணி ஊற்றும் பொறுப்பில் ஒரு வயதான மனிதர் இருந்தார், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மற்ற எல்லோருக்கும் கோப்பை நிறைய ஊற்றுவார். புதிதாக வந்தவருக்கு மட்டும் அரைக் கோப்பை. ஏன் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. வந்தவர் கோப்பையைத் தூக்கியபோதுதான் விளங்கியது. கை அப்படி நடுங்கியது, ஆனால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவர் குடித்து முடிக்க, ஒன்றும் பேசாமல் மற்ற அரைவாசியை ஊற்றினார்.

கூட்டம் வழக்கமாக ஒரு மணித்தியாலம், கூடினால் ஒன்றரை. தொடக்கத்தில், குடியில் இருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளில் ஒன்றையோ ஒரு சிறு பகுதியையோ வாசிப்பார்கள். பிறகு சுற்றி ஒவ்வொருவராகக் கதைப்பார்கள். ஒருவர் கதைக்கும்போது குறுக்கே பேச மாட்டார்கள், “நீ அப்படிச் செய்திருக்கக் கூடாது” என்று தீர்ப்பும் சொல்ல மாட்டார்கள். அழுதால் அழ விடுவார்கள். முடிய நிற்கும்போது உங்கள் கையில் யாராவது ஒருவருடைய போன் நம்பர் இருக்க வேண்டும். யாரும் தராவிட்டால் நீங்களே கேளுங்கள். கூட்டத்தில் கேட்ட கதைகளைவிட அந்த நம்பர் இரவு பதினொரு மணிக்கு உதவும்.

திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை உண்டு. திறந்ததற்கு வீட்டாரும் வரலாம், நான் போவது அதற்குத்தான். மூடியது குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். துணைக்கு ஆள் கூட்டிப்போவதென்றால் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கட்டாயம் கதைக்க வேண்டுமா?

இல்லை. “இண்டைக்குக் கேட்க மட்டும் வந்தனான்” என்றால் போதும்.

குடித்துவிட்டு வரலாமா?

வரலாம், அமைதியாக இருந்து கேட்கலாம். அன்றைக்குப் பேசாமல் இருப்பது நல்லது. மோட்டார் சைக்கிளில் மட்டும் வர வேண்டாம்.

தேவாலய மண்டபத்தில் நடக்கிறது என்கிறார்கள். மதம் மாற்றுவார்களா? நான் சைவம். / நான் முஸ்லிம்.

மாற்ற மாட்டார்கள். உலகம் முழுக்க ஏ.ஏ. கூட்டங்கள் தேவாலய மண்டபங்களில் நடப்பது வாடகை குறைவு என்பதாலும் கதவு திறந்து விடுவார்கள் என்பதாலும்தான். ஏ.ஏ. எந்த மதத்தோடும் கட்சியோடும் சேர்ந்ததில்லை. படிகளில் கடவுள் வருவது உண்மை. அவரவர் விளங்கிக்கொண்ட கடவுள் என்றுதான் வருகிறது. கோணேசர் என்று நினைப்பவர் அப்படி நினைக்கலாம், அல்லாஹ் என்பவர் அப்படி. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் அந்தக் குழுவையே தங்களைவிடப் பெரிய பலமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

முஸ்லிம் சகோதரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஹராம் என்பதால் வெட்கம் இரட்டிப்பாகிறது, அதனால் உதவி தேடாமலே நோய் முற்றிப்போகிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் ஒளித்துக் குடிப்பவர்களுக்கு வைத்தியசாலைக் கிளினிக்கோ போன் வழிக் கூட்டமோதான் முதலடிக்கு வசதி. பாவமா இல்லையா என்று அங்கே யாரும் விசாரணை வைக்க மாட்டார்கள்.

காசு எவ்வளவு?

இலவசம். ஏ.ஏ. கூட்டங்களில் கடைசியில் தட்டு ஒன்று சுற்றும், தேத்தண்ணிக்கும் அறைக்கும். போடலாம், போடாமலும் விடலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களின் பழைய கட்டுப்பாடு. அரச வைத்தியசாலையும் இலவசம். “மூன்று நாளில் நிறுத்தித் தருகிறோம்” என்று பெரிய தொகை கேட்பவர்கள், டொக்டர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்பவர்கள், அடித்துக் கட்டி வைத்துத் திருத்துவோம் என்பவர்கள் பக்கம் போகாதீர்கள்.

கோயிலில் சத்தியம் பண்ணினேன். விரத காலத்தில் ஒரு துளியும் தொடுவதில்லை. அது போதாதா?

விரதத்தை நான் மதிக்கிறேன். கந்தசஷ்டிக்கோ ஐயப்பன் மாலைக்கோ ஒருவர் குடிக்காமல் இருந்தால், அவருக்கு அந்த வலிமை இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் விரதம் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சாப்பாடு மாறுகிறது, சேர்க்கை மாறுகிறது, விடிய எழும்பும் நேரம் மாறுகிறது, சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் சாமி என்று கூப்பிட்டுத் தாங்குகிறார்கள். மாலை கழற்றிய அன்றைக்கு இத்தனையும் ஒன்றாக நின்றுவிடுகிறது, பழைய கூட்டாளி வாசலில் நிற்கிறான். என் அண்ணனுக்கு ஒவ்வொரு வருசமும் அதுதான் நடந்தது.

கூட்டம் செய்வது, அந்தத் தாங்கலை வருசம் முழுக்க நீட்டுவது. சத்தியம் வாழ்நாள் முழுக்க என்று வரும். அங்கே சொல்லித் தருவது இன்றைக்கு மட்டும் குடிப்பதில்லை என்பது. நாளைய கதை நாளைக்கு. கோயிலையும் விட வேண்டாம், பத்திரகாளி அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வருபவர்கள் தாராளமாக இருக்கிறார்கள்.

நான் பெண். எனக்கும் இந்தப் பிரச்சினை இருக்கிறது.

நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை, அதை முதலில் நம்புங்கள். எல்லோரும் ஆண்களாக இருக்கும் அறைக்குள் போய் இருப்பது நம்மூரில் கடினம், போகச் சொல்லி உங்களை வற்புறுத்த மாட்டேன். கிளினிக்கில் பெண் டொக்டரையோ உளவளத்துணை உத்தியோகத்தரையோ கேளுங்கள். இணையவழியில் பெண்களுக்கு மட்டுமான ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. கர்ப்பமாக இருந்தால் தள்ளிப் போடாதீர்கள், அதேநேரம் டொக்டருக்குத் தெரியாமல் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம்.

கணவர் வரமாட்டேன் என்கிறார். நான் என்ன செய்யலாம்?

அதிகம் வரும் கேள்வி இதுதான், பெரும்பாலும் அழுகையோடு வருகிறது.

வெறியில் இருக்கும்போது கதைக்காதீர்கள். ஒன்றும் ஏறாது, சண்டைதான் மிஞ்சும். காலையில், தெளிந்திருக்கும் நேரம், நேற்று நடந்ததில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். “நீங்க குடிகாரன்” என்று சொல்ல வேண்டாம். “ராத்திரி சின்னவள் உங்களைக் கண்டு கட்டிலுக்குக் கீழ ஒளிச்சவள்” என்று சொல்லுங்கள். பிறகு நாளையும் நேரத்தையும் சொல்லிக் கூப்பிடுங்கள்: புதன்கிழமை கிளினிக், நானும் வாறன். இல்லை என்றால் விட்டுவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள்.

அவருக்காகப் பொய் சொல்வதை நிறுத்துங்கள். வேலைக்கு வராததற்குக் காய்ச்சல் என்று போன் எடுப்பது, பாரில் வைத்த கடனை அடைக்க நகையை அடகு வைப்பது, இதெல்லாம் அன்பில் செய்வது என்று தெரியும். குடியால் வரும் இழப்பு அவருக்குத் தெரியாமல் போவதும் அதனால்தான்.

சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்கும் குளிசை, பொடி எதையும் தொடவே வேண்டாம். டைசல்பிரம் என்ற மருந்து குடியை விட டொக்டர்கள் கொடுப்பதுதான். ஆனால் அதை எடுத்திருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து, நெஞ்சு அடித்து, உயிர் போகவும் கூடும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டொக்டர் பார்த்துத்தான் அது.

குடிப்பவரின் வீட்டாருக்கென்றே அல்-அனோன் என்ற அமைப்பு 1951இல் தொடங்கியது, ஏ.ஏ.யைத் தொடங்கிய தரகரின் மனைவியும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். உங்கள் கணவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். அதன் கூட்டங்களும் இணையத்தில் நடக்கின்றன. அடி, உதை இருந்தால் கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 1938, பிள்ளைகளுக்கு 1929. பிள்ளைகளோடு போய் நிற்க ஒரு வீட்டை முதலே கேட்டு வையுங்கள்.

நான் கடலுக்குப் போறவன். பின்னேரக் கூட்டத்துக்கு எப்படி வருவது?

நல்ல கேள்வி. பின்னேரம் கடலுக்கு இறங்கி விடியக் கரை சேர்பவருக்கு மாலை ஆறு மணிக் கூட்டம் ஒருக்காலும் சரிவராது. கடற்கரை ஊர்களில் காலை பத்து மணி, மீன் கொடுத்து வலை உதறி முடித்த பிறகு, ஒரு கூட்டம் வைத்தால் ஆட்கள் வருவார்கள். குழு நடத்துபவர்களிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும். மற்றது, வாடைக்காற்றுக் காலம். கடல் கொந்தளிக்கும், தொழில் இல்லை, கையில் காசு குறைவு, நேரம் மட்டும் கூட. நம் கரையில் குடி கூடுவது அந்த மாதங்களில்தான். சோளகத்தில் கடல் அமைதியாக இருக்கும்போதே கூட்டத்தைப் பழகி வைத்தால் கார்த்திகை மார்கழியில் போக ஓர் இடம் இருக்கும்.

வெருகல், புல்மோட்டை மாதிரித் தூரத்தில் இருக்கிறேன். போனில் சேரலாமா?

சேரலாம். பின்னேரக் கூட்டம் முடிந்து திரும்ப பஸ் இல்லாதவருக்கு இதுதான் வழி. ஏ.ஏ.க்கு இணையவழிக் கூட்டங்களைத் திரட்டித் தரும் தளம் இருக்கிறது, நாள், நேரம், மொழி வாரியாகத் தேடலாம். தமிழ்நாட்டில் தமிழில் ஏ.ஏ. கூட்டங்கள் நெடுங்காலமாக நடக்கின்றன, இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் கணக்குப் போடத் தேவையில்லை. பேச்சுவழக்கு கொஞ்சம் வேறு, இரண்டு நாளில் பழகிவிடும். ஸூமில் படத்தை நிறுத்தி வைக்கலாம், பெயரையும் மாற்றலாம். ஹெட்செட் போடுங்கள், மற்றவர்கள் சொல்வது உங்கள் வீட்டாருக்குக் கேட்கக் கூடாது. சிக்னல் மோசம் என்றால் வீடியோ இல்லாமல் குரலை மட்டும் வையுங்கள், டேட்டாவும் மிச்சம்.

முடிந்தால் மாதத்தில் ஒருமுறையாவது நேரில் ஒரு கூட்டத்துக்குப் போங்கள். போனை அணைத்துவிட்டுப் போய்விடலாம். பக்கத்துக் கதிரையில் இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துவிடுவார்.

எங்கள் ஊரில் குழுவே இல்லை. நாங்கள் தொடங்கலாமா?

தொடங்கலாம். இரண்டு பேர் போதும், அக்ரனிலும் இரண்டு பேர்தான். கிளினிக்கில் சந்தித்த இன்னொருவரோடு ஒரு கிழமையில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று பேசிக்கொள்ளுங்கள். சனசமூக நிலையம், பாடசாலை வகுப்பறை, கோயில் மடம், எது திறந்து கிடைக்கிறதோ அது. நாளை மட்டும் மாற்றாதீர்கள். யாரும் வராத நாளிலும் போய் இருங்கள், வாசலால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர் அடுத்த கிழமை வருவார். உங்களுக்குள் கடன் கொடுத்து வாங்க வேண்டாம், குழு உடைவது பெரும்பாலும் அதில்தான். அரசியல்வாதியைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட வேண்டாம். உளநலப் பிரிவுக்கு உங்கள் நாளையும் இடத்தையும் அறிவித்து வையுங்கள், அவர்கள் ஆட்களை அனுப்புவார்கள்.

இது உண்மையிலேயே வேலை செய்யுமா?

2020இல் கொக்ரேன் ஆய்வு மதிப்பீட்டுக் குழு, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பங்குபற்றிய 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குடியை முற்றாக விட்டிருப்பதில், ஏ.ஏ.க்கு முறையாக வழிப்படுத்தப்பட்டவர்கள் மற்றச் சிகிச்சைகள் பெற்றவர்களுக்குச் சமமாகவோ அதைவிட நன்றாகவோ இருந்தார்கள். எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. மருந்தும் கூட்டமும் சேர்ந்தால் சிலருக்கு நல்லது, சிலருக்குத் தனி ஆலோசனை நல்லது. ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் உடனே முடிவு கட்டாமல் சில தடவையாவது போய்ப் பாருங்கள்.

திரும்பக் குடித்துவிட்டேன். இனி எந்த முகத்தோடு போவது?

அதே முகத்தோடு போங்கள். அங்கே இருப்பவர்களில் விழாமல் வந்தவர் அரிது. நீண்ட நாள் விட்டிருந்துவிட்டுத் திரும்பக் குடிக்கும்போது உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது, அதனால் முந்தின அளவைக் குடித்தால் ஆபத்து. பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடியும் வைத்தியசாலை வழியாக வாருங்கள். ஒரு நாளோடு நிறுத்திவிட்டால் அன்றைக்கே, கூட்டத்தில் வாங்கிய அந்த நம்பருக்கு அடியுங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் 1926, எந்த நேரமென்றாலும்.

கல்யாண வீடு, செத்த வீடு, எட்டுச் செலவு. அங்கெல்லாம் குடிக்கத் தருவார்களே?

முதல் சில மாதம் தவிர்க்க முடிந்ததைத் தவிருங்கள். கல்யாணம் என்றால் தாலி கட்டும் நேரம் போய், சாப்பிட்டு, இருட்ட முன் திரும்பலாம். செத்த வீட்டைத் தவிர்க்க முடியாது. பகலில் போங்கள், பந்தலுக்குப் பின்னால் ஆண்கள் கூடும் பக்கம் போகாமல் வீட்டுக்குள் சொந்தக்காரரோடு இருங்கள், குடிக்காத ஒருவரைக் கூடவே வைத்திருங்கள். கையில் எப்போதும் ஒரு சோடாவோ தேத்தண்ணியோ இருக்கட்டும், வெறுங்கையைக் கண்டால்தான் கிளாஸ் நீட்டுவார்கள். “மருந்து எடுக்கிறன், டொக்டர் மறிச்சிட்டார்” என்று ஒரு வசனத்தை வீட்டிலேயே சொல்லிப் பழகுங்கள். அதற்கு மேலும் வற்புறுத்தினால் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கள், கோபித்தவரோடு அடுத்த நாள் கதைக்கலாம்.